பேரு ஒட்டின அட்லஸ்

வெள்ளிக்கிழமை ராத்திரி

சின்னி, உன் அட்லஸை இன்னிக்குப் பக்கத்து வீட்டு பவித்ராவுக்குக் குடுத்துட்டேன். பூகோளத்துக்கு போன்ல மேப் பார்த்தா போதாது, அட்லஸ் வேணும்னு டீச்சர் சொல்லிட்டாங்களாம். அவ அம்மா மஞ்சு அட்டையில உன் பேரைப் பார்த்துட்டுத் தயங்குனா.

"தப்பா நெனைக்காதீங்கக்கா, போன புள்ளை பேரு... லேபிளை மட்டும் கிழிச்சிடட்டுமா?"ன்னா.



பவித்ரா அட்லஸை வெடுக்குன்னு புடுங்கிக்கிட்டா. "கிழிக்காதம்மா. மேப் டெஸ்ட்டுல இந்த அக்காதான் எப்பவும் ஃபர்ஸ்ட்டு. பேரு இருந்தா எனக்கும் நாலு மார்க்கு சேர்த்து வரும்"னா.

மஞ்சு கன்னடத்துல அவளைத் திட்டினா. எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நீ போனதுக்கப்புறம் இன்னிக்குத்தான் சிரிச்சேன்.

திங்கக்கிழமை உன் பேரு அவ பையில பள்ளிக்கூடம் போகும். உனக்குச் சம்மதம்தானேடி?