இடது காலை இழுத்துத் தவழ்ந்தேன்

கிட்வே, சுரங்கக் குடியிருப்பு

லிம்பானியின் அம்மாவுக்கு,

நீயும் பிள்ளை லிம்பானியும் சுகம்தானே? உன் அம்மாவின் இருமல் தேவலையா? எனக்கு ஒரு குறையும் இல்லை, தொப்பைகூட விழுந்துவிட்டது.

இருபது மாதமாகியும் பிள்ளை நடக்கவில்லை என்று எழுதியிருந்தாய். நானும் பெரிய வைத்தியன் மாதிரி, நம் வழக்கப்படி குழி தோண்டி இடுப்பளவு மண்ணில் நிற்க வை என்று பதில் போட்டேன். அதை இங்கே சுரங்கத்து மருந்தகத்தில் நர்ஸ் முலேங்காவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"சரி, எப்படித் தவழுறான்?" என்றார்.

வாயால் சொல்லத் தெரியவில்லை. ஈஸ்டருக்கு வந்தபோது பார்த்தபடியே தரையில் தவழ்ந்து காட்டினேன். மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள், "பாப்பாவுக்கு மீசை முளைச்சிருச்சு டோய்!" என்று சிரித்தார்கள். முலேங்கா சிரிக்கவில்லை.

"ஏன் இடது காலை இழுக்குறீங்க?"

"அவன் அப்படித்தான் இழுப்பான், சிஸ்டர்."

"எப்பவும் அதே காலா? அப்போ குழியில வச்சா சரியாகாது. டாக்டர் பாக்கணும். இப்பவே பயிற்சி குடுத்தா நல்லா தேறுவான்."

ஆகவே குழியை மூடிவிடு. இது உன் குற்றமும் இல்லை, யார் சாபமும் இல்லையாம். டாக்டர் வரும் புதன்கிழமையே நம்மூர் மருத்துவமனைக்குக் கூட்டிப்போய், அவன் தவழ்வதைக் காட்டு. கூப்பிட்டால் திரும்புகிறானா, என்னென்ன சொல் பேசுகிறான் என்றும் எழுது. 'அப்பா' உண்டா?

அவன் பாதங்களைத் தாளில் வைத்து வரைந்து அனுப்பு. செருப்புக் கடைக்காரர் அளவு கேட்கிறார், நான் உள்ளங்கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறேன். இரண்டு பாதத்தையும் வரை. சோடியாகத்தான் வாங்கப்போகிறேன்.

சங்கு ஊதிவிட்டது, ஓடுகிறேன்.

உன் ஹேஸ்டிங்ஸ்