திருப்பிக்கொண்ட முகம்

தலைநகரில் இருக்கும் என்னவருக்கு,

அரண்மனை ஓவியர் வரைந்த உங்கள் படம் மழையில் நனையாமல் நேற்று வீடு வந்து சேர்ந்தது. நான் தைத்து அனுப்பிய கொக்குச் சின்னம் மார்பில் பளிச்சென்று இருக்கிறது. வடக்குக் கோட்டையில் அணிந்த படைக்காரர் புலிச் சின்னத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு எழுத்து வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள். எனக்கு அது போதும்.

உங்கள் தம்பி கியூசாங் படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டார். பிறகு மூக்கு உரசுகிற அளவுக்குக் கிட்டே போய்ப் பார்த்தார்.

"அண்ணி, அம்மைத் தழும்பு ஒண்ணைக்கூட விடலையே இந்த ஆளு! கொஞ்சம் அழகா வரையச் சொல்லியிருக்கலாம்ல அண்ணன்?"

"சொன்னா மட்டும் வரைவாரா? உள்ளதை மறைச்சா அந்த ஓவியருக்கு வேலையே போயிடும்."

அதோடு விட்டாரா? "நம்ம தாத்தா, பெரியப்பா எல்லாரும் படத்துல இடது கன்னத்தைக் காட்டிட்டு உக்காந்திருக்காங்க. அண்ணன் மட்டும் ஏன் வலது கன்னம்?"

"அன்னிக்கு வெளிச்சம் அந்தப் பக்கமா வந்திருக்கும், போங்க தம்பி" என்று அவர் வாயை அடைத்துவிட்டேன்.

கோட்டையில் சண்டை நடந்தது, எனக்கு ஒரு கீறல்கூட இல்லை என்று குளிர்காலத்தில் எழுதினீர்கள். அன்றிலிருந்து வருகிறேன், வருகிறேன் என்கிறீர்கள், வரத்தான் காணோம். ஓவியரைப் பொய் சொல்ல வைக்க உங்களால் முடியவில்லை. முகத்தைத்தான் திருப்பிக்கொள்ள முடிந்திருக்கிறது.

முள்ளங்கிக் கிம்ச்சி பதமாகப் புளித்திருக்கிறது. உயிரோடு இருக்கிறீர்கள், பிறகென்ன? புறப்பட்டு வாருங்கள். இனி உங்கள் இடது பக்கம்தான் நான் படுத்துக்கொள்வேன்.

உங்கள் வீட்டுக்காரி