தும்மலுக்கு அடுத்த வசனம்

நவம்பர் 1988, சனிக்கிழமை இரவு

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது நாங்கள் பார்த்த நகைச்சுவைத் தொடரை இன்று டிவியில் மறுபடியும் போட்டார்கள். வாரம் முழுவதும் இதற்காகக் காத்திருந்தேன். கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கும் மாப்பிள்ளை தும்முவான். பூனைக்குச் சளி என்று மாமியார் மாமனாரிடம் சமாளிப்பாள். அந்த இடத்தில் அவர் சிரிக்கிற சிரிப்பில் அடுத்த வசனம் அவருக்கே கேட்காது. "ஏம்புள்ள, மாமனார் என்ன சொன்னாரு?" என்பார். நான் கான்வென்ட்டில் படித்தவள், வாய்விட்டுச் சிரிக்க மாட்டேன். முகம் மாறாமல் வசனத்தை ஒப்பிப்பேன். அதற்கும் ஒருமுறை சிரிப்பார்.

இன்று தும்மல் வந்தது. மருமகள் கொட்டாவி விட்டாள்.

"ஏனுங்க அத்தை, இதுக்கா மாமா அப்புடிச் சிரிச்சாருங்க?"

"அவருக்குப் பிடிக்கும்" என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. உண்மையில் எனக்கும் சிரிப்பு வரவில்லை. யாரும் சிரிக்காததால் அடுத்த வசனம் எல்லோருக்கும் தெளிவாகக் கேட்டது. என்னிடம் கேட்க யாருமில்லை.

மருமகள் படுக்கப் போனதும் அவருடைய நாற்காலிப் பக்கம் திரும்பினேன்.

"அப்படின்னா பூனைக்கும் ஒரு சுக்குக் காப்பி போடுன்னு சொன்னாருங்க" என்றேன்.