சின்னத்தாய் ஒட்டிய பொட்டு

கீழக்குயில்குடி
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை

மகன் அருள்பாண்டிக்கு அம்மா ஜெயக்கொடி எழுதுவது. போனதுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, கலை விழா முடிந்த அன்றைக்கு, முனீஸ்வரி படக் கடையில் இருந்தவர்கள் நான், உங்க அய்யா, உன் தங்கச்சி முனீஸ்வரி, மாப்பிள்ளை, பேத்தி தனுஸ்ரீ, உன் சித்தி சின்னத்தாய், அப்புறம் விழா நடத்துறவுக ஆள் சரண்யாதேவி என்று ஒரு காலேஜுப் பிள்ளை. இம்புட்டுப் பேர்தான். வேறு யாராவது நானும் அங்கன இருந்தேன் பார்த்தேன் என்று உனக்குப் போனில் கதை சொன்னால் நம்பாதே. எங்க எல்லாருக்கும் உடம்பு சுகம், மனசுதான் சுகமில்லை. நீயும் மருமகளும் பிள்ளைகளும் அந்த மஸ்கட்டு வெயிலில் வாடாமல் இருக்க நம்ம கருப்பசாமி கூடவே நிற்பார். இதைப் போனில் சொல்லலாமே என்று கேட்பாய். நான் பாதி சொல்லும்போதே சரிம்மா சரிம்மா டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறாய். அதனால் வீரணன் வியாழக்கிழமை மஸ்கட்டுக்குத் திரும்புகிறான் என்று தெரிந்ததும் உட்கார்ந்து எழுதுகிறேன். அஞ்சாப்பு படித்த எழுத்து, கோணல்மாணலாக இருக்கும், இருந்தாலும் கடைசி வரைக்கும் படி.

நீ உன் தங்கச்சிக்குப் போன் போட்டு இந்தப் படம் போடுறதை எல்லாம் மூட்டை கட்டிவிட்டு கப்பலூர் கம்பெனி வேலைக்குப் போ என்று புத்தி சொல்லப் போகிறாயாம். மாப்பிள்ளை உன்னிடம் கேட்டுக்கொண்டாராம், நீயும் சரி மாப்ள நான் பேசுறேன் என்றாயாம். உங்க அய்யா வந்து என்னமோ நல்ல சேதி மாதிரி சொன்னார். அந்தப் போனைப் போடுவதற்கு முன்னால் நடந்ததைத் தெரிந்துகொள்.

மாப்பிள்ளையின் பெரியப்பா மகன் கப்பலூரில் அட்டைப்பெட்டிக் கம்பெனி வைத்திருக்கிறாரே, அங்கே ஆபீசில் உட்கார முனீஸ்வரியைக் கேட்கிறார்கள். காலையில் வேனில் ஏறினால் ராத்திரி சோற்றுக்குத்தான் வீடு. இப்போது பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு டிராயிங் சொல்லிக்கொடுத்துவிட்டு வந்து, அடுப்படிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றாவது வரைகிறாள். அங்கே போனால் பிரஷைத் தொட நேரம் ஏது. அவள் மாட்டேன் என்றாள், அவர் போகத்தான் வேண்டும் என்றார், கடைசியில் மாப்பிள்ளையே ஒரு பேச்சு வைத்தார். ஆடி மாசம் நடக்கிற இந்தக் கலை விழாவில் ஒரே ஒரு படம் விலைபோனாலும் அப்புறம் நான் வாயைத் திறக்க மாட்டேன், ஒண்ணும் போகலைன்னா ஆவணி பிறந்ததும் கம்பெனிக்குக் கிளம்பிறணும் என்று. என் முன்னாடிதான் சொன்னார். அவளும் சரியென்று தலையாட்டினாள். நான் அப்போதே நினைத்தேன், பரவாயில்லை, மனுசன் நியாயமாகப் பேசுகிறார் என்று.

இந்த விழாக்களில் இவள் படுகிற பாடு உனக்குத் தெரியாது, போட்டோவில் அவள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவதைத்தான் நீ பார்க்கிறாய். போன வருசம் ஒரு விழாவில் கக்கூசுக்குப் போகிற வழியில் இடம் கொடுத்தார்கள், வருகிறவன் போகிறவன் எல்லாம் ஈரக் கையை உதறிக்கொண்டு படத்தைப் பார்த்தான். நான் மறக்கவில்லை. இந்த வருசம் அப்பளக் கடைக்குப் பக்கத்தில். எண்ணெய்ப் புகை நேரே படத்து மேலே அடிக்கிறது, கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கப்பா என்று கேட்டால் அவன், படம் பார்க்க வர்றவுகளுக்குப் பசிக்காதா ஆத்தா என்று கேட்கிறான். எதிர்க்கடையில் ஒருத்தன் ஏழு குதிரை ஓடுகிற படத்தை வரிசையாக மாட்டி வைத்திருக்கிறான், கிழக்குச் சுவரில் மாட்டினால் பணம் கொட்டுமாம், அவனிடம் கூட்டம் நெரிகிறது. நம்ம பிள்ளையிடம் வருகிறவர்கள் இது பிரிண்டா கையில் போட்டதா என்று கேட்கிறார்கள். ஒருத்தி எங்க சோபா மெரூன் கலரு, இதே எருமையை மெரூன்ல போட்டுத் தருவீகளா என்கிறாள். எருமை எந்த ஊரில் மெரூனாக இருக்கிறது. இன்னொருத்தன் போனில் படம் பிடித்துவிட்டு, இதைக் கடையில் குடுத்துப் பெருசா எடுத்துக்குவேன் என்று அவளிடமே சொல்கிறான். அவள் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

அவள் போட்டிருந்தது என்னென்ன தெரியுமா. கப்பலூர் ஷிப்டு முடிந்து வேனில் ஒருத்தி மேல் ஒருத்தி சாய்ந்து தூங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள். திருமங்கலம் பஸ் ஸ்டாண்டில் பூக்கூடையைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு கண் அசருகிற பொம்பளை. நம்ம எருமை. எல்லாம் தூங்குகிற படமாகவே இருக்கே, ஏன்டி என்று கேட்டதற்கு, முழிச்சிருக்கும்போது நீங்க யாரும் எனக்கு நிக்கிறதில்லையேம்மா என்றாள். என்னையும் விடவில்லை. கயித்துக் கட்டிலில் நான் வாயைப் பொளந்துகொண்டு கிடக்கிறேன். அதைப் பார்த்துவிட்டு நான் அவளோடு பேசாமல் இருந்தது உங்க அய்யாவுக்குத் தெரியும். ஊர்ச் சனம் பார்க்கிற இடத்தில் இப்படியா பெத்தவளை மாட்டுவார்கள். ஆனால் அந்தப் படத்து முன்னாடிதான் சனம் நின்றது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

முதல் நாள் வந்தவர்கள் பார்த்துவிட்டு நாளைக்கு வாரோம் என்று போனார்கள். விழா முடிகிற ஞாயிற்றுக்கிழமைதான் வாங்குகிற ஆட்கள் வருவார்கள் என்று சொன்னதால் நாங்கள் எல்லோரும் அன்றைக்குப் போனோம். உங்க அய்யா இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்து உறங்க ஆரம்பித்துவிட்டார், அவரைக்கூட அவள் வரைந்துவிடுவாள் என்ற பயமில்லாமல். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் விழாத் தலைவர் வந்து, மேடம் கொஞ்சம் மேடைக்கு வாங்க, நம்ம விழாவுக்கு உதவி செஞ்ச நகைக்கடைக்காரர் குடும்பத்தோட வந்திருக்காரு, எல்லாரையும் வரைஞ்சு குடுத்தீங்கன்னா சந்தோசப்படுவாரு என்று கூட்டிக்கொண்டு போனார். கூட்டிக்கொண்டு போனவர் விடவில்லை. பேரன் பேத்தி, சம்பந்தி, டிரைவர் வரைக்கும் வரிசையில் உட்கார்ந்தார்கள். விளக்குப் போடுகிற வரைக்கும் என் பிள்ளை மேடையில் ஊரான் மூக்கை வரைந்துகொண்டு இருந்தாள். அந்தத் தலைவர் மூஞ்சியும் எனக்கு மறக்காது.

இங்கே கடையில் நாங்கள் இருந்தோம். அப்போதுதான் உன் சித்தி எதிர்க்கடையைப் பார்த்துவிட்டு வந்தாள். அங்க படத்துக்குப் பக்கத்துல எல்லாம் செவப்பா பொட்டு வச்சிருக்காக அக்கா, நம்ம புள்ள படந்தான் மூளியா நிக்குது, போற வர்றவுக கண்ணு பூரா இதுமேலதான் இருக்கு என்றாள். சொன்ன கையோடு சுருக்குப் பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தாள். படத்துக்குக் கீழே பேரும் விலையும் எழுதி ஒட்டியிருக்கிற சின்ன அட்டை இருக்கிறதல்லவா, அது ஒவ்வொன்றிலும் ஒரு பொட்டு, நல்ல வட்டமாக, சிவப்பாக. நானும் நல்ல காரியம்தான் என்றேன். எங்களுக்கு என்ன தெரியும். மாப்பிள்ளை ஸ்டூலில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு இருந்தவர் தலையைத் தூக்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பார்த்துவிட்டு, சின்னத்தை, அங்க கட்டில் படத்துல ஒண்ணு விட்டுப்போச்சு பாருங்க என்று சொல்லிச் சிரித்தார். இது சத்தியம். சின்னத்தாயும் பேத்தியைத் தூக்கி என் படத்திலேயும் ஒட்ட வைத்தாள்.

அதுக்கப்புறம் ஒரு வயதான ஐயாவும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். அந்த அம்மா பேர் விஜயம் என்று பிற்பாடுதான் தெரியும். என் படத்து முன்னாடி நின்றது நின்றபடி இருந்தது அந்த அம்மா. எங்க அம்மாவும் இப்படித்தான் தூங்குவா என்று அவரிடம் சொல்லிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, படத்தைப் பார்த்து, நீங்கதானே என்று சிரித்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அந்த ஐயா மாப்பிள்ளையிடம், ஏன் சார் எல்லாமே போயிடுத்தா என்று கேட்டார். மாப்பிள்ளை எழுந்து நின்று, ஆமா சார், எல்லாம் போயிருச்சு என்றார். நம்ம பிள்ளை பேரு மத்த ஊருக்கு எல்லாம் போயிருச்சு, பரவிப்போச்சு என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு நான் நெஞ்சு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன் பாரு, என்னைச் சொல்ல வேண்டும். பொண்டாட்டிக்காக மனுசன் எம்புட்டுக் கெத்தாகப் பேசுகிறார் என்று மனசுக்குள் மெச்சினேன். அந்த அம்மா இன்னொரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனது. அதுக்குப் பிறகும் வந்தவர்கள் அட்டையைக் குனிந்து பார்த்துவிட்டு, அடடா என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

விளக்குப் போட்ட பிறகு முனீஸ்வரி கையெல்லாம் கரியோடு வந்தாள். அதே நேரத்தில் சரண்யாதேவி ஓடி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கி, அக்கா கலக்கிட்டீங்க, இந்த விழாவுலயே மொத்தப் படமும் வித்தது உங்களுக்குத்தான் என்றது. இவள் முழித்தாள். அப்புறம்தான் அட்டையைப் பார்த்தாள். விலைபோன படத்துக்குத்தான் சிவப்புப் பொட்டு ஒட்டுவார்களாம். பொட்டு இருந்தால் வாங்குகிறவன் கேட்கக்கூட மாட்டானாம், முடிந்துபோனது என்று அர்த்தமாம். உன் சித்தி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நானும் சும்மா இருக்கவில்லை, என் கல்யாணத்தில் என் தாலிக்கொடியைச் சிக்கலாக்கினதிலிருந்து நீ தொட்டது எது விளங்கியிருக்கு என்று எல்லாச் சனத்துக்கும் முன்னாடி கேட்டுவிட்டேன். முனீஸ்வரிதான் விடும்மா, சித்தி பிரியமாத்தானே ஒட்டுச்சு என்று சொல்லிக்கொண்டே ஒவ்வொரு பொட்டாக நகத்தால் உரித்தாள். உரித்ததைக் கீழே போடாமல் தன் மணிக்கட்டில் ஒட்டிக்கொண்டே வந்தாள். மாப்பிள்ளை, பாவம் சின்னத்தைக்கு என்ன தெரியும், விடு, உனக்குப் பிராப்தம் அவ்வளவுதான், ஆவணியில கம்பெனிக்குக் கிளம்பு என்றார். அவள் படங்களைக் கழற்ற ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் வாசல் தெளிக்கும்போதுதான் எனக்கு நெஞ்சில் சுரீர் என்றது. போன பங்குனிக்கு நீ லீவில் வந்திருந்தாயே, அப்போது உன் போனில் ஒரு போட்டோ காட்டினாய். அவளுக்கு முதல்முதலாக ஒரு படம் விற்ற விழா. மாப்பிள்ளை படத்துக்குப் பக்கத்தில் ஒரு விரலை வைத்து அமுக்கிக்கொண்டு பல்லெல்லாம் தெரிய நிற்கிறார். என்னடா சுவர் விழுந்திருமுன்னு தாங்கிப் பிடிச்சிருக்காரா என்று நான் கேட்டேன், நீ விழுந்து விழுந்து சிரித்தாய். அந்த விரலுக்கு அடியில் என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். உன் போனில் இன்னமும் இருக்கும், எடுத்துப் பார். பொட்டு ஒட்டத் தெரிந்தவருக்குப் பொட்டுக்கு அர்த்தம் தெரியாதா. அடுத்த நாள் சாப்பாட்டு நேரத்தில் போய், ஏன் மாப்ள, செவப்புப் பொட்டுன்னா வித்துப்போச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா என்று கேட்டேன். எனக்கு இந்த ஆர்ட்டு கீர்ட்டு எல்லாம் என்ன தெரியும் அத்தே என்று ரசத்தைக் கலக்கிக்கொண்டே சொன்னார். தட்டை விட்டுக் கண் எடுக்கவில்லை. நான் வைத்த சோற்றை அப்படியே விட்டு எழுந்து வந்தேன், அதுதான் நீ போனில் கேட்டாயே, முனீஸ்வரி வீட்டில் ஏன் கை நனைக்க மாட்டேங்கிற என்று, அதற்கு இதுதான் பதில்.

அவர் குடிக்கிறவரில்லை, அடிக்கிறவரில்லை, தவணைக்கு வண்டி வாங்கி ஓட்டிக் குடும்பத்தைப் பார்க்கிறார், எல்லாம் எனக்குத் தெரியும். இந்த வீட்டில் பெயிண்டு நாத்தம் வேண்டாம், வேலைக்குப் போ என்று நேருக்கு நேர் சொல்லிச் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சரியாக நானும் நாலு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பேன். தானே ஒரு பேச்சு வைத்து, அந்தப் பேச்சில் அவளைத் தானே தோற்க வைத்து, பழியை ஒன்றும் அறியாத என் தங்கச்சி தலையில் வைத்துவிட்டு, போதாததற்கு உன்னை வேறு ஏவிவிடுகிறார். உன் சித்தி அன்றையிலிருந்து பொட்டு வைக்காமல் இருக்கிறாள். சுமங்கலி நெற்றி காலியாக இருக்கிறது. நான் போய்த் திட்டி வைத்துவிட்டு வந்தேன்.

சரண்யாதேவியிடம் சொல்லி, விழாவுக்கு வந்தவர்கள் எழுதிவைத்த நோட்டில் என் படத்தைப் பற்றி எழுதியிருந்த அந்த விஜயம் அம்மா நம்பரை வாங்கிப் பேசினேன். அன்னிக்கே கேட்டோமேம்மா, ஸ்டூல்ல உட்காந்திருந்தவர் எல்லாம் போயிடுத்துன்னாரே என்று அந்த அம்மாவும் சொல்லிவிட்டது. படம் அப்படியேதான் இருக்கு தாயி என்றேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை முனீஸ்வரி வீட்டுக்கே தன் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றது. படம் வாங்க ஆள் வருகிறது, சித்திதான் ஏற்பாடு பண்ணினாள் என்று முனீஸ்வரியிடம் சொல்லியிருக்கிறேன். மாப்பிள்ளை தெரிந்தே செய்தது அவளுக்கு இன்னும் தெரியாது. சொன்னால் அவள் குடித்தனம் என்னாகும் என்று ஒரு பயம், சொல்லாவிட்டால் அவள் கை என்னாகும் என்று ஒரு பயம். அதனால் நான் வாயைத் திறக்கப் போவதில்லை. காபி போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்திருப்பேன். அன்னிக்கு எல்லாம் போயிடுத்துன்னு சொன்னது இவர்தானே என்று அந்த அம்மா கேட்கும், கேட்காமல் இருக்காது. அதற்கு முன்னாடி அவரே பொண்டாட்டியிடம் சொல்லிவிட வேண்டும் என்றால் சொல்லட்டும், சனிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கிறது. நீ போன் போடுவது என்றால் உன் கூட்டாளிக்குப் போடு, நல்ல பையன் நல்ல பையன் என்று மாப்பிள்ளை கொண்டுவந்தவன் நீதானே. தங்கச்சிக்குப் புத்தி சொல்லுகிற போனைப் போடாதே.

வீரணனிடம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்து விட்டிருக்கிறேன், ஈரக் கரண்டி போடக் கூடாது என்று மருமகளிடம் சொல். சுகர் மாத்திரையை விடாதே. பிள்ளைகள் தமிழ் எழுத மறந்துவிடாமல் பார்த்துக்கொள், மறந்தால் நான் எழுதுவதை யார் படிப்பது. நீயும் உன் குடும்பமும் நோய் நொடி இல்லாமல் நூறு வருசம் இருக்க வேண்டும், உன் தங்கச்சி கையும் அப்படியே இருக்க வேண்டும்.

இப்படிக்கு
உன் அம்மா
பே. ஜெயக்கொடி

அப்பளக் கடைக்காரனை மன்னித்துவிட்டேன், அவன் பிழைப்பு அது. அந்தத் தலைவரைக்கூடக் கொஞ்ச நாள் போனால் மன்னிப்பேன். சின்னத்தாயைத் தாலிக்கொடி விசயத்திலும் சேர்த்து மன்னித்தாயிற்று. மாமியார்காரி மருமகன் பேரைச் சொல்லக் கூடாது என்று உங்க அம்மாச்சி என்னை வளர்த்தாள், கல்யாணம் ஆன நாளிலிருந்து மாப்பிள்ளை மாப்பிள்ளை என்றே சொல்லி வந்தேன். வாயால் இன்னமும் சொல்லவில்லை. கையால் எழுதுகிறேன். நான் மன்னிக்க மாட்டாதது ஒருத்தனைத்தான். அசோக்குமார்.