புகைப்பழக்கம்: இல்லை

நாள் 208 — 06:10
நிலவின் மறுபக்க வானொலித் தொலைநோக்கி நிலையம். பணியில் இருப்பவர்: மங்கையர்க்கரசி, வயது நாற்பத்தாறு. வேறு ஆள் இல்லை. நாற்பது ஆண்டெனாக்களில் முப்பத்தொன்பது சரியாக இயங்குகின்றன. பதினேழாவதின் மூட்டில் தூசி.
நிலையத்தின் மருத்துவ இயந்திரத்துக்குச் செவிலி என்று பெயர்; குரலை வைத்தே ஆளை அறியும். இன்று என் குரலை அது இரண்டாம் முறைதான் ஏற்றது. காற்று வறட்சி. ஈரப்பதத்தைக் கூட்டினேன்.

நாள் 210 — 07:00
மூன்று மாத ரத்தப் பரிசோதனை. வைரஸ் துணுக்குகள் இதுவரை பூஜ்யம். இன்று முப்பத்தெட்டு.
பின்னால் வாசிப்பவருக்கு: ஆறு ஆண்டுகளுக்கு முன் என் தொண்டையில் புற்றுநோய் வந்தது. உடலுறவில் தொற்றும் வைரஸால் வரும் வகை. "இருக்கறதுலயே நல்ல வகைம்மா" என்றார் மதுரை மருத்துவர், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கித் தருபவரைப் போல. குறைந்த கதிர்வீச்சோடு முடித்தார்கள்.
செவிலியின் முடிவு: "நோயாளி புகைக்காதவர். நோய் திரும்பும் வாய்ப்பு குறைவு. தொண்ணூறு நாள் கழித்து மறுசோதனை."
சரக்குக் கலம் நாள் 219, 14:00 மணிக்குப் புறப்படும். அதில் ஓர் இருக்கை உண்டு. செவிலி கணிக்கும் ஆபத்து அளவு எல்லையைத் தாண்டினால் மட்டுமே திறக்கும். அடுத்த கலம் வர எட்டு மாதம்.

நாள் 211 — 09:25
செவிலியிடம் பிழை இல்லை. கோப்பில் இருப்பதை வைத்துக் கணித்தது. கோப்பில் இருப்பது பொய்.
நான் புகைத்தேன். கல்லூரி இரண்டாம் ஆண்டிலிருந்து, நாளுக்குப் பத்து. திருமணத்துக்குப் பின் மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால். சிகிச்சை முடிந்த எட்டாம் வாரம், எச்சில்கூட ஊறாத வாயில் மறுபடி பற்றவைத்தேன். விண்வெளிப் பயிற்சிக்கு நாற்பது நாள் முன்புதான் விட்டேன்.
மருத்துவமனையில் இந்தக் கோப்பை எழுதிய பெண் என்னைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவர் கதிரேசனைத்தான் கேட்டாள். "அம்மாவுக்கு சுகர் இருக்கா சார்? பிரஷர்?" அடுத்த வரிக்கு வந்ததும் அவளே சிரித்துவிட்டாள். "இத லேடீஸ்கிட்ட கேக்கறதே இல்ல சார், ஃபார்ம்ல இருக்கு." அவரும் சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் 'இல்லை' என்று எழுதிக்கொண்டாள்.
குறைந்த கதிர்வீச்சு புகைக்காதவர்களுக்கு மட்டும் என்பது பிறகு தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வைரஸ் என்ற சொல்லுக்கே உறவினர் கண்கள் அவர்மேல் ஒருமுறை, என்மேல் இரண்டு முறை போய்வந்தன. சிகரெட்டையும் அவர்களுக்குக் கொடுக்க வேண்டுமா என்று அன்று யோசித்தேன்.
இன்று யோசிக்கவில்லை. உண்மையை எழுதிப் பூமிக்கு அனுப்பிவிட்டேன்.

நாள் 213 — 11:40
தரைக் கட்டுப்பாட்டிலிருந்து ஸ்டேன்லியின் பதில்:
"மேடம், நீங்க எழுதி அனுப்பினத வெச்சு எங்களால சீட் திறக்க முடியாது. கோப்பு மாறணும். அதுக்கு நீங்க செவிலிகிட்ட வாயால சொல்லணும். ஆனா சொல்லிட்டீங்கன்னா, பொய்த் தகவல் குடுத்ததுன்னு நடவடிக்கை வரும். மறுபடி மேல வரவே முடியாது. தொண்ணூறு நாள் பாத்துக்கலாமே மேடம்?"
என் பதில்: தம்பி, தொண்ணூறு நாளை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் 214 — 08:15
செவிலியின் முன் நின்றேன். இந்த வாக்கியத்தை இருபத்தாறு ஆண்டுகளில் ஒருமுறைகூட உரக்கச் சொன்னதில்லை.
"நான் புகைத்தேன்."
"குரல் பொருந்தவில்லை."
வெந்நீர் குடித்தேன். மறுபடி சொன்னேன். பொருந்தவில்லை. மூன்றாம் முறை கத்தினேன். தகரத்தை இழுப்பது போல ஒரு சத்தம் வந்தது. பொருந்தவில்லை.
காற்று வறட்சி இல்லை. தொண்டையில் உட்கார்ந்திருக்கும் ஒன்றே என்னைச் சாட்சி சொல்ல விடாமல் தடுக்கிறது. சிரிப்பு வந்தது. அதுவும் பொருந்தியிருக்காது.
திரையில் விதி வந்தது: "முதலில் தகவல் தந்தவரின் குரலும் ஏற்கப்படும். தகவல் தந்தவர்: கணவர், கதிரேசன்."
ஆறு ஆண்டுகளாக என் பொய் என்று சுமந்துகொண்டிருந்தேன். அந்த 'இல்லை'கூட என்னுடையது இல்லை.

நாள் 216 — 12:05
அவருக்கு எல்லாவற்றையும் எழுதினேன். மன்னிப்புக் கேட்கவில்லை. செவிலிக்கு உங்கள் குரலில் சொல்லி அனுப்புங்கள் என்று மட்டும் கேட்டேன். பதில்:
"அரசி, எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? தொட்டிக்குப் பின்னாடி ரோஜாச் சட்டில கெடந்த துண்டயெல்லாம் பதினோரு வருஷமா அள்ளிப் போட்டது யாரு? செடியே தின்னுடுச்சுன்னு நெனச்சியா? அன்னிக்கு அந்தப் பொண்ணு சிரிச்சா, நானும் சிரிச்சிட்டேன். அவ்வளவுதான். இப்ப அம்மா ஹால்லதான் இருக்காங்க. தங்கச்சி வீட்லயும் எல்லாரும் கேப்பாங்க. உங்க ஸ்டேஷன்ல பதிவாகறதெல்லாம் ஊருக்கே கேக்குமாமே. ரெண்டு நாள் டைம் குடு."
எனக்கு இருப்பதே மூன்று நாள். கொடுத்தேன்.

நாள் 218 — 17:30
பதில் இல்லை. விழுங்கும்போது வலது காதுவரை வலிக்கிறது. பதினேழாவது ஆண்டெனாவை வெளியே போய்த் துடைத்தேன். இப்போது நாற்பதும் சரி. எனக்குப் பின் யார் வந்தாலும் குறை சொல்ல முடியாது.

நாள் 219 — 13:22
வந்தது. அப்படியே பதிகிறேன்.
"நான் கதிரேசன். என் மனைவி மங்கையர்க்கரசி சிகரெட் பிடிச்சாங்க. இருபது வருஷம். எனக்குத் தெரியும். கேட்டப்ப இல்லன்னு சொன்னது நான்தான்."
பின்னால் மாமியாரின் குரல்: "யாருடா சிகரெட் பிடிச்சது?"
"ஒம் மருமகதாம்மா. கொஞ்சம் சும்மா இரு."
"அவளா? அங்கயுமா?"
செவிலி: "குரல் பொருந்தியது. கோப்பு திருத்தப்பட்டது. நோய் திரும்பியிருக்கும் வாய்ப்பு: நூற்றுக்கு எழுபத்தொன்று. இருக்கை திறக்கப்பட்டது."
எழுபத்தொன்று. பொய்யான 'குறைவு' ஒன்றோடு இங்கே உட்கார்ந்திருப்பதைவிட மேல்.

நாள் 219 — 13:51
கலத்துக்குள். கைப்பட்டையில் எழுதுகிறேன். கதவு மூடிவிட்டது. கலத்தின் இயந்திரம் புதியது, என்னைத் தெரியாது. பயணி விவரம் கேட்கிறது. பெயர் சொன்னேன், பொருந்தவில்லை. வயது, பொருந்தவில்லை. குரல் பாதி காற்றாகப் போகிறது.
பரவாயில்லை. இருக்கை ஏற்கெனவே திறந்தாயிற்று, இது கேட்பது சடங்குக்கு. மூன்று நாள் பயணம். கேட்கட்டும்.

13:58
"புகைப்பழக்கம்?"
ஆம்.
"குரல் பொருந்தவில்லை. மறுபடி சொல்லவும்."
ஆம்.
"பொருந்தவில்லை. உடனிருப்பவர் யாராவது சொல்லலாம்."
யாரும் இல்லை. நான்தான். ஆம்.
"பொருந்தவி
ஆம்