லாரிப் படத்தின் கடைசிப் பத்து நிமிடம்

இன்று காலை ஜன்னலைத் திறந்ததும் புகை வாசனை. கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ காடு எரிகிறதாம். வருடா வருடம் எரிவதுதான், ஆனால் இந்தத் தடவை சூரியனே ஆரஞ்சு நிறமாகி, எங்கள் டத்தோ கிராமாட் வட்டாரம் முழுக்கப் பழைய வீடியோ டேப்பின் நிறத்தில் கிடந்தது. பூ வாங்க லிட்டில் இந்தியாவுக்குப் போனேன். பூக்கடைக்காரி முகக்கவசத்தைத் தாடைக்கு இறக்கிவிட்டு, "என்னக்கா, உலகம் அழியப் போகுதா?" என்றாள். "அழிஞ்சா எப்படி இருக்கும்னு எனக்கு நல்லாவே தெரியும் லா. அம்பது தடவை பாத்தாச்சு," என்றேன். அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்துச் சிரித்துப் பூக்கூடையைக் கவிழ்த்திருப்பாய்.

நீ போய் ஒரு வருடம் ஆகிறது. மனசு உன்னைத் தேடுகிறதடி. சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நம் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. எண்பதுகளில், இருபது வயதில், எட்டு மணி நேரம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணைப் பதித்து, எலக்ட்ரானிக் சில்லுகளில் தலைமுடியை விட மெல்லிய கம்பி சரியாக ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் வேலை. காலை ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ் நம்மைச் சுங்கை பினாங்கில் இறக்கும்போது நாலு மணி ஆகிவிடும். நேராக உன் வீடு. முகம்கூடக் கழுவாமல் நீ டேப்பைப் போடுவாய்.

வீடியோ கடையில் எல்லாரும் தமிழ்ப் படத்துக்கு முண்டியடிக்க, நீ மட்டும் மூலையில் தூசி படிந்து கிடக்கும் இங்கிலீஷ் டேப்புகளைக் கிளறுவாய். அட்டையில் தீப்பிழம்பு, இடிந்த நகரம், தோல் உடுப்புப் போட்ட பெண் இருந்தால் போதும், எடுத்துவிடுவாய். அட்டையில் இருந்த நகரம் படத்தில் இருக்காது. அணுகுண்டு விழுந்து எல்லாம் மண்ணாகிவிட்டது என்று ஒரு குரல் சொல்லும். பிறகு படம் முழுக்க ஒரே கல்லுடைக்கிற குவாரிதான். பழைய லாரியில் தகரம் அடித்து அதை வருங்கால வண்டி என்பார்கள். வில்லன் தலையில் கவிழ்த்திருப்பது நம் வீட்டு வடிதட்டு என்று நான் சத்தியம் செய்வேன். நீயோ கதாநாயகியின் முகத்தைக் காட்டி, "பாத்தியாடி, உலகமே அழிஞ்சிடுச்சு, இவ லிப்ஸ்டிக் அழியல!" என்பாய். அடுப்படியிலிருந்து உன் அம்மா, "என்ன கருமத்தைப் பாக்குறீங்க ரெண்டு பேரும்?" என்று சத்தம் போடுவார்.

அந்த ஓவர்டைம் அண்ணனை மறக்க முடியுமா? ஆள் பற்றாக்குறை போலிருக்கிறது, ஒரே ஆள் பாறையிலிருந்து விழுந்து சாவான், கொஞ்ச நேரத்தில் வேறு தொப்பி போட்டுக்கொண்டு வந்து அம்பு பட்டுச் சாவான், அப்புறம் தாடி ஒட்டிக்கொண்டு வந்து தீயில் சாவான். "பாவம், ஓவர்டைம் பாக்குறான்," என்று பெயர் வைத்தவள் நீதான். சாப்பாட்டு நேரத்தில் சூப்பர்வைசர் வந்து சனிக்கிழமை ஓவர்டைம் யாரெல்லாம் என்று கேட்டபோது, நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மேசையில் சரிந்தாய். எனக்குச் சோறு மூக்கில் ஏறிவிட்டது.

அந்தத் தரித்திரப் படங்கள் நமக்கு ஏன் அவ்வளவு பிடித்தன என்று இப்போதுதான் யோசிக்கிறேன். பகல் முழுக்க ஊசிமுனை அளவு இடத்தைப் பார்த்த கண்ணுக்கு, திரை நிறைய வெட்டவெளி. அங்கே ஷிஃப்ட் கிடையாது, மணி அடிக்காது. ஒருத்தி லாரி ஓட்டினால் ஓட்டுவாள், எப்போது கல்யாணம் என்று கேட்க ஓர் ஆள் மிச்சமில்லை. நம் இருவர் வீட்டிலும் அப்போது மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் நீ திரையைப் பார்த்தபடியே, "எல்லாம் அழிஞ்சாலும் நீ இருந்தா போதும்டி, சமாளிச்சிடலாம்," என்றாய். நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

நாம் அதிகம் பார்த்தது லாரிப் படத்தைத்தான். டேப்பில் பெயர் கிழிந்து போனதால் நாமே வைத்த பெயர். லாரிக்காரியும் அவள் தோழியும் கடலைத் தேடிப் போவார்கள். வழியில் தோழிக்குக் கால் உடைந்துவிடும். பாழடைந்த பெட்ரோல் நிலையத்தில் அவளை உட்காரவைத்து, ஒரு புட்டி தண்ணீரையும் கொடுத்து, திரும்பி வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு லாரிக்காரி கிளம்புவாள். லாரி புழுதிக்குள் மறையும். உடனே திரையில் ஒரு பெண் முட்டைக்கோஸ் நறுக்குவாள்! எந்தப் புண்ணியவானோ கடைசிப் பத்து நிமிடத்தின் மேல் டிவி சமையல் நிகழ்ச்சியைப் பதிவு செய்து வைத்திருந்தான். கடையில் வேறு டேப் இல்லை. கொஞ்ச காலத்தில் கடையே இல்லை.

"அவ திரும்பி வருவா," என்பாய் நீ.

"எவ வருவா? நேரா கடலுக்குப் போயிருப்பா," என்பேன் நான்.

பஸ்ஸில் சண்டை போட்டோம். உன் கல்யாண மேடையில் மாலையும் கழுத்துமாக நின்றவள், பரிசு கொடுக்க வந்த என் காதில், "வருவா, பாரு," என்றாய். நாற்பது வருடம் இந்தப் பஞ்சாயத்து தீரவில்லை.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதும் அதையே கேட்டாய். "போன்ல இப்ப எல்லாம் கெடைக்குதாம்லா. லாரிப் படத்தைத் தேடேன். முடிவு மட்டும் போதும்." எனக்குக் கோபம் வந்துவிட்டது. "படுக்கையில கெடந்துக்கிட்டு, எல்லாரும் சாவுற படம் கேக்குதோ? வாயைக் கழுவு," என்று சொல்லிவிட்டுப் பக்திப் பாட்டு வைத்தேன். நீ கண்ணை மூடிக்கொண்டு, "எல்லாரும் சாவுற படத்துலதாண்டி ஒருத்தியாவது பொழைப்பா," என்றாய். அபசகுனம் என்று நான் பயந்தேன். நீ அதில் ஆறுதல் தேடினாய் என்று என் மரமண்டைக்கு ஏறவில்லை.

போகும்போது, "சரி, தேடிப் பாக்குறேன். நாளைக்கு வரேன்," என்றேன். வரவில்லை. மழை என்று உனக்குச் செய்தி அனுப்பினேன். மறுநாள் முட்டி வலி என்றேன். அதற்கடுத்த நாள் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள் என்றேன். எல்லாம் பொய். அன்றைக்கு நீ தண்ணீர் குடிக்க உன் கையைத் தாங்கிப் பிடித்தேனே, அது ஒரு குழந்தையின் கை மாதிரி இருந்தது. அதை மறுபடி பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. நீ ஒவ்வொரு பொய்க்கும் "சரி லா" என்று பதில் போட்டாய். ஏழாம் நாள் பதில் வரவில்லை, உன் மகளின் போன்தான் வந்தது. அந்த ஒரு வாரம் இன்னும் என் நெஞ்சில் கல்லாகக் கிடக்கிறது.

இன்று பூவை உன் படத்துக்குச் சாத்தக் கொண்டுபோனேன். உன் மகள், "ஆண்டி, அம்மா கேட்டுக்கிட்டே இருந்த படம் கெடைச்சிருச்சு. பழைய படம் சேக்கிறவங்க ஒருத்தர்கிட்ட இருந்துச்சு," என்று சொல்லி என் போனில் போட்டுக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து, நாலு மணிக்கு, தனியாக உட்கார்ந்து பார்த்தேன்.

கேள், முடிவைச் சொல்கிறேன். லாரிக்காரி வெகுதூரம் போகிறாள். ஒரே பாறையை மூன்று தடவை கடக்கிறாள். மணல் புயல் வருகிறது, அதில் மின்விசிறியின் நிழல் நன்றாகத் தெரிகிறது. கடைசியில் நிஜமாகவே கடல் வருகிறது. இறங்கிப் போய்க் காலைக்கூட நனைக்கவில்லை அவள். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக் கிடக்கிறாள். அப்புறம் வண்டியைத் திருப்புகிறாள்.

நீதான் ஜெயித்தாய். அவள் திரும்பிப் போனாள். நான்தான் வரவில்லை.

கால் உடைந்தவள் அந்தப் பெட்ரோல் நிலையச் சுவரோரம் இன்னும் உட்கார்ந்திருக்கிறாள். லாரிக்காரியை நிமிர்ந்து பார்த்து என்னவோ சொல்கிறாள். காற்று இரைச்சலில் ஒன்றும் விளங்கவில்லை, மட்டமான ஒலிப்பதிவு. அஞ்சாறு தடவை பின்னால் தள்ளிக் கேட்டேன். "வந்துட்டியா" என்றாளா, "இப்பத்தான் வழி தெரிஞ்சுதா" என்றாளா, தெரியவில்லை.

உன் வாயிலிருந்து முதலாவதைக் கேட்க எனக்குத் தகுதி இல்லை. இரண்டாவதையாவது சொல்லடி. வாய் வலிக்கத் திட்டு. இந்த "சரி லா" மட்டும் வேண்டாம்.