முந்தானை எந்தத் தோளில்?

எதிர்ப்பேச்சு பேச ஆளில்லாமல் என்னை விட்டுவிட்டுப் போன என் கஸ்தூரிக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். இதை முதலில் சொல்லாவிட்டால் மீதியை நீ காது கொடுத்துக் கேட்கமாட்டாய். மாத்திரை வேளாவேளைக்குப் போடுகிறேன். தறியும் ஓடுகிறது. ரசம் மட்டும் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு நாள் புளித்துக் கொட்டுகிறது, மறுநாள் வெந்நீராக இருக்கிறது. நீ என்னதான் போடுவாய் அதில்?

இப்போது செய்தியைச் சொல்கிறேன். சிரிக்கக்கூடாது. உன்னுடைய ஞாயிற்றுக்கிழமை பொம்மை வகுப்புக்கு நான் போய்க்கொண்டிருக்கிறேன். ஆமாம், நான்தான். "காகிதத்தை ஊறப்போட்டுப் பிசையறதுக்கு ஒரு கிளாஸா, நம்ம வீட்டுலயே மாவு பிசையேன்" என்று உன்னைக் கிண்டல் பண்ணிய அதே ஆசாமி.

நானாகப் போகவில்லை. உன் வருஷத் திதி முடிந்த மறுவாரம் மல்லிகா வந்தாள். ரவிக்கை தைக்கிற மல்லிகாதான், உனக்குத் தெரியாதா, உன்னை முதலில் வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனவளே அவள்தானே. வாசலில் நின்றபடியே சொன்னாள்: "அண்ணா, அக்கா பொம்மை அங்க அலமாரில அப்படியே இருக்குது. பேப்பர் சுத்தி வச்சிருக்கோம். வந்து எடுத்துக்கினு போங்க." சரி, எடுத்துக்கொண்டு வந்துவிடலாம் என்றுதான் போனேன். பிள்ளையார்பாளையத்துக்குள்ளேயே இருந்துகொண்டு அந்தச் சமுதாயக் கூடத்தின் மாடிப்படியில் நான் கால் வைத்ததில்லை, பார்.

மேலே போனால் ஒரே திருவிழா. ஒரு பக்கம் கோல வகுப்பு. ஒரு பக்கம் துணிப்பை தைக்கிறார்கள். ஜன்னலோரம் நான்கைந்து பேர் தாமல் ஏரி வண்டலைக் குழைத்து அகல் விளக்கு செய்கிறார்கள். யாரோ பாடுகிறார்கள், யாரோ அதைத் திருத்துகிறார்கள், டீ வருகிறது. எனக்குக் கூச்சமாகிவிட்டது. பொம்மையை வாங்கிக்கொண்டு நழுவப் பார்த்தேன். டீச்சர் கௌரி விடவில்லை. நம் மகளைவிடச் சின்னப் பெண். பொம்மை செய்கிற குடும்பம். "பெரியம்மா இதை வெள்ளை அடிக்கிற வரைக்கும் கொண்டாரல பெரியப்பா. உக்காருங்க, உப்புத்தாள் தர்றேன், தேய்ச்சுட்டுப் போங்க" என்றாள். உட்கார்ந்தேன். உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை.

பிடித்துப்போய்விட்டது, கஸ்தூரி. எதற்கு மறைக்க வேண்டும்? தறியில் ஒரு இழை தப்பினால் புடவையே போச்சு. இங்கே மூக்கு கோணலாகப் போனால் இன்னொரு மூக்கு வைக்கலாம். ரிட்டையர்டு கண்டக்டர் பரமசிவம் ஒருவர் இருக்கிறாரே, அவர் எந்த மிருகத்தைப் பிடித்தாலும் அது கடைசியில் பெருச்சாளியாகத்தான் முடிகிறது. இப்போது யானை செய்கிறார். தும்பிக்கை வைத்த பெருச்சாளி. அவரே சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார். வீட்டில் இப்படிச் சிரித்து நாளாயிற்று எனக்கு.

உன் பொம்மையைச் சொல்கிறேன். ஒரு முழ உயரம், கைகூப்பி நிற்கிற பொம்பளை. முன்பாதி ஒரு அச்சு, பின்பாதி ஒரு அச்சு. இரண்டையும் நீ ஒட்டி, ஒட்டிய இடத்தில் காகிதக் கூழ் வைத்து அழுத்தியிருக்கிறாய். வலது பக்கம் வழவழவென்று இழைத்துவிட்டாய். இடது தோளில் மட்டும் உன் கட்டைவிரல் பதிந்த குழி அப்படியே இருக்கிறது. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாயா? அடுத்த ஞாயிறு வருவதற்குள் அந்த ஆடி மாதக் காலை வந்துவிட்டது. போட்டுக் கொடுத்த காபி ஆறுவதற்குள் நீ போய்விட்டாய்.

உப்புத்தாளை வைத்துக்கொண்டு முகம் தேய்த்தேன், கை தேய்த்தேன், பாதம் தேய்த்தேன். அந்தத் தோளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. உன்னுடைய புடவைகளைப் பெண் எடுத்துக்கொண்டாள். உன் போட்டோ மாலையோடு சுவரில் இருக்கிறது. ஆனால் உன் விரல் பட்டு, பட்டபடியே நின்றுபோன இடம் என்று இந்த உலகத்தில் வேறு எங்கே இருக்கிறது, சொல்? என் கட்டைவிரலை வைத்துப் பார்த்தேன். உள்ளே போகவில்லை. உன்னுடையது சின்ன விரல்.

கௌரி பார்த்துவிட்டாள். "அந்தக் குழியில பெயிண்ட் தேங்கி வெடிக்கும் பெரியப்பா. பட்டி வச்சு அடைச்சுடுங்க." ஆகட்டும் என்றேன். அடைக்கவில்லை. அடுத்த வாரமும் அடைக்கவில்லை. அதற்கப்புறம் அவளும் கேட்கவில்லை.

அப்புறம் வெள்ளை அடித்தேன், முகத்துக்கு மஞ்சள் கலந்த நிறம் கொடுத்தேன். கண்ணைக் கௌரிதான் திறந்தாள். அது நம்மால் ஆகிற காரியம் இல்லை. மிச்சம் புடவை. இந்தப் பொம்மையை ஆரம்பித்த அன்றைக்கு வீட்டுக்கு வந்து என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "இவளுக்கு நீங்க நெய்யற புடவையத்தான் கட்டிவுடப் போறேன். கொலுவுல எல்லாரும் பாக்கட்டும்." தறியில் அப்போது மாம்பழ மஞ்சள் உடல், அரக்குக் கரை, கரையோரம் பல்பல்லாகத் தாழம்பூ ரேக்கு என்று ஒரு புடவை ஓடிக்கொண்டிருந்தது. அதையே எழுதினேன். கரை ரேக்கு ஒவ்வொன்றையும் மெல்லிய தூரிகையால் தங்க நிறத்தில் எழுதினேன். முந்தியில் ஒரு அன்னம்கூட வைத்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாம் கரையையும் அன்னத்தையும் மட்டும் பார்த்து 'ஆஹா' என்றார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

கொலுவுக்கு முந்தின நாள். கூடத்தில் படி கட்டியாகிவிட்டது. அவரவர் பொம்மையை அவரவர் கொண்டுபோய் வைக்கிற நேரம். மல்லிகா என் பொம்மையை வாங்கிப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். அவள் வாய் கோணிக்கொண்டு போவதைப் பார்த்ததுமே எனக்குத் திக்கென்றது.

"இன்னாண்ணா இது, முந்தானைய எந்தத் தோள்ல போட்டிருக்கீங்க?"

"ஏம்மா, வலது தோள்ல."

"எந்த ஊர்ல வலது தோள்ல போடறாங்க? சேட்டு வூட்டம்மாவா இவங்க?"

கூடமே சிரித்தது. பரமசிவம் தன் பெருச்சாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். நான் அங்கே நின்ற அத்தனை பொம்பளைகளையும் ஒரு சுற்று பார்த்தேன். எல்லாருக்கும் இடது தோள். அட கடவுளே! மீசை முளைத்த நாளிலிருந்து பட்டுப்புடவை நெய்கிறவன் நான். முந்திக்கு எத்தனை ஜரிகை, எங்கே உடல் நூலை விட்டு முந்தி நூலுக்கு மாற வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் தறியில் கிடக்கிற புடவைக்குத் தோள் ஏது? எங்களுக்கு அது முந்தி. உங்களுக்கு அல்லவா அது முந்தானை!

"இல்லம்மா, கஸ்தூரிக்கு வலப்பக்கந்தான் இருக்கும். எனக்கு நல்லா ஞாபகம் இருக்குது" என்று வீம்புக்குச் சொன்னேன்.

மல்லிகா சிரிப்பை நிறுத்தினாள். "எனக்கு எதிர்ல வந்து நில்லுங்க" என்றாள். நின்றேன். "இப்ப என் முந்தானை உங்களுக்கு எந்தப் பக்கம் தெரியுது?"

"வலப்பக்கம்."

"அதான்ணா. அக்காவ நீங்க எதிர்லயே பாத்துக்கினு இருந்திருக்கீங்க."

உண்மைதானே. என் வலப்பக்கத்தை உன் வலது தோள் என்று நினைத்துவிட்டேன். நான் தறியில், நீ எதிர்ச் சுவரோரம் ராட்டையில் நூல் தார் சுற்றிக்கொண்டு. கல்யாணமான நாள் முதல் நம் வீட்டில் அப்படித்தான். நான் தலையைத் தூக்கினால் நீ. எனக்கு அப்போது அழுகை வந்துவிட்டது, கஸ்தூரி. அத்தனை பேர் எதிரில், துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டேன். யாரோ டீயை என் பக்கம் நகர்த்தி வைத்தார்கள்.

ஆனால் பொம்மையை என்ன செய்வது? கௌரி யோசித்துவிட்டுச் சொன்னாள்: "மாத்திடலாம் பெரியப்பா. ஆனா முந்தானைய இடது தோளுக்குக் கொண்டாந்தா ஜரிகைக் கோடு அந்தக் குழிக்குள்ள விழும். கோணலாத் தெரியும். பட்டி வச்சு அடைச்சே ஆகணும்." பட்டி டப்பாவைத் திறந்தும் வைத்துவிட்டாள்.

வலது தோளோடு படியில் ஏற்றினால் பார்க்கிறவர்கள் எல்லாம் உன் பொம்மையைப் பார்த்துச் சிரிப்பார்கள். நீ ஆசைப்பட்டது அதற்கில்லை. அடைத்தால் உன் விரல் போய்விடும். டப்பாவைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன். நீ இருந்தால் "அடைங்க, பொம்மை நல்லா இருக்கணும்" என்றுதான் சொல்லியிருப்பாய். உனக்கு என்ன, சொல்லிவிடுவாய். வேண்டாம், பொம்மையை வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போகிறேன் என்று எழுந்தேவிட்டேன்.

"எங்க போறீங்க? உக்காருங்க" என்று மல்லிகா கையைப் பிடித்து உட்கார வைத்தாள். "அக்கா கோயிலுக்குள்ள போனா எப்படிப் போவாங்க? சொல்லுங்க."

கண்ணை மூடிக்கொண்டேன். அம்மன் சன்னதி வந்ததும் செருகியிருந்த முந்தானையை எடுப்பாய். முதுகைச் சுற்றிக் கொண்டுவந்து வலது தோள்மேல் போட்டு, நுனியைப் பிடித்தபடி கைகூப்புவாய். இழுத்துப் போர்த்திக்கொண்டு நிற்பாய்.

"அதேதான்ணா! வலது தோள்ல இருக்கறது இருக்கட்டும். இடது தோள்லேந்து கொண்டாந்து முதுகு சுத்தி அதோட சேத்துடுங்க. போத்திக்கினா துணி தோள்ல அமுங்காதா? குழி மடிப்பாப் போயிடும்."

ரவிக்கை தைக்கிறவளுக்குத் தோளைப் பற்றித் தெரியாமல் இருக்குமா? கௌரி டப்பாவை மூடினாள். நான் தூரிகையை எடுத்தேன். மார்பின் குறுக்கே போன கோட்டை மாற்றினேன். இடது தோளில் கரையை எழுதிக்கொண்டு வந்தபோது, ஜரிகைக் கோடு உன் விரல் குழிக்குள் இறங்கி, மறுபக்கம் ஏறி, முதுகுக்குப் போயிற்று. பட்டு நிஜமாகவே அப்படித்தான் விழும்.

மறுநாள் மாலை கூடம் நிறைய ஜனம். நம் தெருப் பெண்கள் கோலாட்டம் ஆடினார்கள், கொஞ்சம் தாளம் தப்பித்தான் ஆடினார்கள், ஆனாலும் யாருக்கும் நகர மனசில்லை. சுண்டலில் உப்பு குறைவு. பரமசிவத்தின் யானைக்குத்தான் கூட்டம் அதிகம், நம்புவாயா? உன் பொம்மை நடுப்படியில் நின்றது. ஒரு அம்மாள் அதன் எதிரில் ரொம்ப நேரம் நின்றுவிட்டு என்னிடம் கேட்டாள்: "யாருங்க இது? கோயில்ல சாமி பாக்கற மாதிரியே நிக்கிறாங்க."

"என் வூட்டுக்காரிம்மா" என்றேன். பொம்மையைச் செய்தது யார் என்று கேட்டாளா, பொம்மை யார் என்று கேட்டாளா, தெரியவில்லை. எப்படி இருந்தாலும் பதில் ஒன்றுதான்.

வகுப்பை நான் விடப் போவதில்லை. அடுத்த கொலுவுக்கு ஒரு ஆம்பளைப் பொம்மை செய்வேன். வேட்டி, துண்டு, கொஞ்சம் தொப்பை. கௌரியிடம் சொல்லி அச்சும் பார்த்து வைத்துவிட்டேன். ஜோடி என்றால் பக்கத்தில்தான் வைக்க வேண்டும் என்கிறாள் அவள். நான் வைக்கமாட்டேன். உனக்கு எதிரில், உன்னைப் பார்த்தபடி வைப்பேன். கொலு பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவன் முதுகுதான் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

உனக்கு எதிரிலேயே இருந்த, இருக்கிற,
உன் வீட்டுக்காரன்